கயிறு கொண்டு நீந்தியவன்

துருக்கியின் தென்மேற்குக் கரையில் கோடைக்காற்று அலுவலக நேரம் பார்த்து வேலைக்கு வரும். காலை பத்து மணிவரைக்கும் கடலில் ஒரு சுருக்கம் இருக்காது. நண்பகலுக்குச் சற்று முன்பின்னாக மேற்கே ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது கிட்ட வர வரத் தண்ணீர் கறுக்கும், பிறகு பாய் படபடக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு உச்சம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் காற்றும் வீட்டுக்குப் போய்விடும். மெல்தெம் என்று பெயர். ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து இறங்கும் காற்று, இந்த மூலையில் கரையோடு வளைந்து வடமேற்காகவும் மேற்காகவும் வீசும். ஆகவே கிழக்கே போகிறவனுக்கு அது முதுகில். திரும்பி வருகிறவனுக்கு முகத்தில்.

அண்ணை இதை முதல் நாளே சொல்லிவிட்டார். "போறது சுகம். வாறதுதான் கரைச்சல். வாறதுக்குக் கூட நாள் வையுங்கோ."

நாங்கள் போனது 1996 ஜூன் மாதம். கோஜெக் என்ற சிறிய துறைமுகத்தில் நாற்பதடிக்கு மேற்பட்ட ஒரு பாய்ப்படகை வாடகைக்கு எடுத்தோம். மாலுமி இல்லாமல், படகை மட்டும். கோஜெக் முன்னர் மலைக்குள் வெட்டிய குரோமியத் தாதைக் கப்பலில் ஏற்றுகிற இடமாக இருந்தது. எண்பதுகளின் இறுதியில் துருக்கித் தலைவர் துர்குத் ஒசால் வந்து தங்கிப் போனபின்தான் பணக்காரருக்கு அந்தப் பெயர் தெரிந்தது. நாங்கள் போனபோது ஒரு தெருவும், தெரு முழுக்கப் பூனைகளும், கயிறு விற்கிற கடைகளும் இருந்தன. விமான நிலையத்திலிருந்து மலையைச் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது. குகைப்பாதை திறந்தது 2006 இல்.

ஐந்து பேர். அண்ணை தலைவர். உரும்பிராய்க்காரர், செம்மண்ணும் வாழையும் வெங்காயமும் பார்த்து வளர்ந்தவர். ஊரில் இருந்தவரைக்கும் நீந்தத் தெரியாது. எழுபதுகளில் இங்கிலாந்துக்கு வந்து சவுதாம்டனில் கணக்காளர் வேலை கிடைத்தபின், வேலைத்தலத்து வெள்ளையர்கள் வார இறுதியில் எங்கே போகிறார்கள் என்று பார்க்கப்போய், சொலென்ற் நீரிணையில் பாய் விரிக்கப் பழகினார். பரீட்சை எழுதினார். சான்றிதழ் வைத்திருந்தார். அந்தக் காகிதத்தை நம்பித்தான் துருக்கியில் எங்களிடம் படகைத் தந்தார்கள்.

இரண்டாவது ஆள் வல்வெட்டித்துறைக்காரன். நாங்கள் அவனை வல்வையான் என்போம். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. வீட்டு வாசலிலேயே கடலோடு பிறந்தவன், ஆனால் சுற்றுலாப் படகில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அண்ணை கட்டளையிடும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "அண்ணை புத்தகத்திலை படிச்ச கடல்காரன்" என்று எங்கள் காதில் மட்டும் சொல்வான். அன்னபூரணியின் கதையை முதல் இரவே எடுத்துவிட்டான். வல்வையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாகக் கொண்டுபோய், மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 இல் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். உண்மைதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவன் சொல்கிற வேகத்தில் கப்பலில் அவனும் இருந்தானோ என்று ஸ்கொட்லாந்துக்காரர் கேட்டார்.

ஸ்கொட்லாந்துக்காரர் அண்ணையின் அலுவலக நண்பர். கடற்படமும் பென்சிலும் அழிறப்பரும் அவருடைய பொறுப்பு. நான்காவது பல் வைத்தியர். பல்லு டொக்டர் என்றால்தான் எங்களுக்குத் திருப்தி. குசினி அவருடையது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, சுங்கத்தைத் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். ஐந்தாவது நான். எனக்கென்று தனித்திறமை எதுவும் இல்லாததால் வின்ச் சுற்றுகிற வேலை எனக்கு வந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சுற்றினால் பாய் இறுகும், விட்டால் தளரும். இவ்வளவு தெளிவான உத்தியோகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அந்தக் கரையின் தன்மையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. கரையிலிருந்து முப்பது மீற்றர் தள்ளிப் பார்த்தால் ஆழம் பதினைந்து, இருபது மீற்றர். வட்டமடிக்க இடமில்லாத ஒடுங்கிய குடாக்கள். ஆகவே நங்கூரத்தை மட்டும் போட்டுவிட்டு இருக்க முடியாது. நடுவிலே நங்கூரத்தை விட்டு, சங்கிலியை இளக்கிக்கொண்டே பின்பக்கமாகக் கரையை நோக்கி வரவேண்டும். வரும்போது ஒருவன் பின்பக்கத்திலிருந்து கயிற்றோடு குதித்து, நீந்திப் போய், கரையில் நிற்கிற பைன் மரத்திலோ பாறையிலோ சுற்றிக்கட்ட வேண்டும். அவன் கட்டி முடிக்குமுன் பக்கக்காற்று வந்து அணியத்தைத் தள்ளிவிட்டால் படகு பக்கத்துப் படகின் மேல் போய்ச் சாயும். பக்கத்துப் படகில் ஒரு ஜெர்மன் குடும்பம் வைன் குடித்துக்கொண்டு இருக்கும்.

இந்த வேலைக்கு ஐந்து பேரும் வேண்டும். அண்ணை சுக்கானில். டொக்டர் அணியத்தில் சங்கிலியோடு, கையால் சைகை காட்டிக்கொண்டு. ஸ்கொட்லாந்துக்காரர் ஆழமானியைப் பார்த்து இலக்கங்களை உரக்கச் சொல்வார். நான் கயிற்றுச் சுருள் சிக்காமல் இளக்கிக் கொடுப்பேன். வல்வையான் குதிப்பான். பழைய கன்வஸ் சப்பாத்துப் போட்டிருப்பான், பாறையெல்லாம் கடல் முள்ளெலி. ஈரக் கயிறு இழுக்க இழுக்கப் பாரம். ஆனால் அவன் நீந்துகிறதைப் பார்த்தால் பாரம் தெரியாது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, சத்தமில்லாமல் போவான். மரத்தைப் பிடித்ததும் ஒரு கையைத் தூக்குவான். அதுவரைக்கும் அவனைக் கேலி செய்கிற, அவனால் கேலி செய்யப்படுகிற அண்ணை, கழுத்தை நீட்டி அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதை ஒவ்வொரு பின்னேரமும் செய்தோம். இரண்டாம் நாளுக்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்லவேண்டி இருக்கவில்லை. லண்டனில் வருடக்கணக்காகக் கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சந்தித்துக் கதைத்துக்கொண்ட மனிதர்கள்தான். ஆனால் ஒருவரின் கை எங்கே இருக்கிறது என்று மற்றவர் பார்த்திருக்க வேண்டிய தேவை அதற்கு முன் எங்களுக்கு வந்ததில்லை.

வழிக்கு றொட் ஹைக்கெல் எழுதிய துருக்கிக் கடல்வழிகாட்டி இருந்தது. அந்தக் கரையில் அப்போது அதை வைத்திராத படகு குறைவு. குடாக்களின் சிறு வரைபடங்கள், எங்கே பாறை, எங்கே மணல், எந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் படகுத்துறை போட்டிருக்கிறார் என்கிற குறிப்புகள். கையடக்க ஜிபிஎஸ் ஒன்றும் வைத்திருந்தோம். 2000 மே மாதம்வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கு விடுகிற சைகையை வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது, நூறு மீற்றர் அளவுக்குப் பிசகும். ஒருநாள் காலை, குடாவின் நடுவில் நங்கூரமிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்த எங்களை அது மலைச்சரிவில் காட்டியது. அதன்பின் ஸ்கொட்லாந்துக்காரர் அதை உறைக்குள் போட்டு மூடிவிட்டு, திசைகாட்டியால் மலைமுனைகளைக் குறிபார்த்துப் பென்சிலால் கோடு கீறினார். மூன்று கோடுகள் வெட்டுகிற இடத்தில் நாங்கள் இருந்தோம். அவை ஒரு புள்ளியில் வெட்டியதே இல்லை, ஒரு சிறு முக்கோணம்தான் வரும். அந்த முக்கோணத்துக்குள் எங்கேயோ இருக்கிறோம் என்பது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இப்படி நண்பர்களோடு படகேறிக் குடாக் குடாவாகப் போவதை அந்தக் கரைக்குப் பழக்கமாக்கியவர் ஒரு தண்டனைக்காரர். ஜெவாத் ஷாகிர், ஒக்ஸ்போர்டில் படித்த எழுத்தாளர். தப்பியோடிய படைவீரர்களை விசாரணையில்லாமல் கொன்றதைப் பற்றிக் கதை எழுதினார் என்று 1925 இல் அவரைத் தண்டித்து, அப்போது ஒருவரும் போக விரும்பாத போட்ரும் என்ற கடலோர ஊருக்கு அனுப்பினார்கள். தண்டனையின் பிற்பாதியை இஸ்தான்புல்லில் கழிக்க விட்டார்கள். முடிந்ததும் அவர் தானாகவே போட்ருமுக்குத் திரும்பிப்போய்ப் பல வருடம் வாழ்ந்தார். ஹலிகர்னாஸ் மீனவன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். நாற்பதுகளில் நகரத்து எழுத்தாள நண்பர்களைக் கடற்பஞ்சு எடுக்கிற படகுகளில் ஏற்றிக்கொண்டு கரையோரமாகப் போனார். ஹோமரைத் துருக்கிக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் அந்தப் பயணங்களைப் பற்றி 1962 இல் எழுதிய புத்தகத்தின் பெயர், நீலப் பயணம். இன்றைக்குச் சுற்றுலாக் கம்பனிகள் எல்லாம் அந்தப் பெயரில்தான் விளம்பரம் செய்கின்றன. பத்திரிகையும் வானொலியும் ஏற்றக்கூடாது என்பது அவர்களுடைய விதி என்பார்கள். இதெல்லாம் நான் பிற்பாடு வாசித்து அறிந்தது. எங்கள் படகில் சிற்றலை வானொலி ஒன்று இருந்தது. லண்டன் தமிழோசை கேட்காமல் அண்ணை படுக்கமாட்டார்.

முந்தைய ஒக்டோபரில்தான் போருக்குப் பயந்து, உரும்பிராய் உட்பட வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நடந்து வெளியேறியது. அண்ணையின் தமக்கை தென்மராட்சியில் யாரோ வீட்டு விறாந்தையில் இருந்தவர். சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பிப் போகிறது என்று செய்தி. அவர் போனாரா, வீடு இருக்கிறதா என்பது நாங்கள் துருக்கியில் இருந்தபோது தெரியாது. இதை அவர் எங்களிடம் பெரிதாகச் சொன்னதில்லை. தமிழோசை நேரத்தில் மட்டும் எவரும் பேசக்கூடாது.

கெமிலேர் என்ற தீவின் பக்கத்தில் கட்டிவிட்டு, மறுநாள் காலை மலைப்பாதையால் ஏறிக் காயாக்கோய்க்கு நடந்தோம். கிரேக்கர்கள் இருந்த காலத்தில் அதற்கு லெவிசி என்று பெயர். 1923 இல் லோசான் நகரில் கையெழுத்தான ஏற்பாட்டின்படி துருக்கியிலிருந்த மரபுவழிக் கிறித்தவர்களும் கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்களும் இடம் மாற்றப்பட்டார்கள். இங்கே இருந்தவர்களில் பலர் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களுக்கு இந்தச் சரிவு ஒத்துவரவில்லை, பெரும்பாலானோர் நிற்கவில்லை. 1957 இல் ஃபெத்தியேயை உலுக்கிய நிலநடுக்கம் மிச்சத்தையும் குலைத்தது. நூற்றுக்கணக்கான கல்வீடுகள், ஒன்றுக்கும் கூரை இல்லை. ஒரு வீடு மற்ற வீட்டின் வெளிச்சத்தை மறைக்காமல் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். அடுப்பிருந்த மாடங்கள் அப்படியே இருக்கின்றன, புகைக்கரியோடு. அறைக்குள்ளே அத்திமரம்.

அண்ணை ஒரு வீட்டுக்குள் போய், நிலத்தடியில் இருந்த மழைநீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"கிணறில்லை அண்ணை. மழைத்தண்ணிதான் பிடிச்சிருக்கினம்" என்றேன்.

"ஓம். கிணறிருந்தா ஆராவது திரும்பி வந்திருப்பாங்கள்."

வேறொன்றும் சொல்லவில்லை. கீழே இறங்கினபிறகு ஒரு கிழவி தகட்டில் சுட்டுக் கொடுத்த கோஸ்லேமே ரொட்டியை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஒலூதெனிசுக்குக் கிழக்கே ஏழு முனைகள் என்று ஒரு நீளம் இருக்கிறது. ஒதுங்க ஓர் இடமும் கிடையாது. செங்குத்துப் பாறையில் மோதிய அலை திரும்பி வந்து, வருகிற அலையோடு குத்துச்சண்டை பிடிக்கும். டொக்டர் அன்று சமைக்கவில்லை. அவரைப் பற்றி அவ்வளவு போதும். அதற்கப்பால் பத்தாரா, கண் எட்டும் வரைக்கும் மணல், ஆமைகள் முட்டையிடுகிற கரை. கல்கானில் ஒரு இரவு. பிறகு காஷ்.

காஷ் துறைமுகத்தில் நின்று பார்த்தால் எதிரே மெயிஸ் தீவு. கிரேக்கர்கள் காஸ்தெலோரிசோ என்பார்கள். மிகக் கிட்டிய இடத்தில் துருக்கிக் கரைக்கும் அதற்கும் இரண்டு கிலோமீற்றரளவுதான், ஆனால் வேறு நாடு. நாளாந்தப் படகு காலையில் போய்ப் பின்னேரம் திரும்பும். நாங்கள் நான்கு பேர் போனோம். வல்வையானிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலநிறப் பயணப் பத்திரம், அட்டையின் மூலையில் இரண்டு கறுப்புக் கோடு. துருக்கிக்கு வருவதற்கே லண்டனில் வரிசையில் நின்று விசா எடுத்திருந்தான். கிரேக்கத்துக்கு இல்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை, நான் வள்ளத்தைப் பாக்கிறன்" என்றான். அண்ணை போகவேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். அவன்தான் கலைத்துவிட்டான்.

துறைமுகத்தைச் சுற்றி மஞ்சளும் நீலமும் செம்மண் நிறமுமாக ஒரு வரிசை வீடுகள். அழகு என்றால் அப்படி அழகு. அந்த வரிசைக்குப் பின்னால் ஏறினால் இடிந்த சுவர்கள். இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது அந்தச் சின்னத் தீவில் பத்தாயிரமளவு சனம் இருந்ததாகச் சொல்கிறார்கள். எதிர்க்கரையோடு செய்த வியாபாரம் எல்லை கீறியதால் போயிற்று. பிறகு இத்தாலியர் ஆட்சி, இரண்டாம் உலகப்போர், குண்டு. சனத்தைப் பிரித்தானியர் காசாவுக்குக் கொண்டுபோய் முகாமில் வைத்தார்கள். 1945 இல் அவர்களைத் திருப்பி ஏற்றி வந்த கப்பல் கடலில் தீப்பிடித்தது. இன்று தீவில் இருப்பது சில நூறு பேர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேர்த்திலும் சிட்னியிலும் இருக்கிறார்கள்.

தண்ணீரோரக் கதிரையில் இருந்து கோப்பி குடித்த ஒரு மூதாட்டி, சுத்தமான அவுஸ்திரேலிய ஆங்கிலத்தில் எங்களை எந்த ஊர் என்று விசாரித்தார். லண்டன் என்றோம். "அது இருக்கிற இடம். ஊரைக் கேட்டேன்" என்றார். அண்ணை சொன்னார். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, பேர்த்தில் அவருடைய வீட்டுக்குப் பக்கத்து வீடு யாழ்ப்பாணத்துக்காரராம். கோடைக்கு மட்டும் வந்து தகப்பனின் வீட்டைத் திறப்பார், புரட்டாதியோடு பூட்டிக்கொண்டு போய்விடுவார். முகப்புக்கு மட்டும்தான் வர்ணம் பூசக் காசு வந்தது, உள்ளே மேல்மாடிக்குத் தளமே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். "பிள்ளைகள் வருவார்களா?" என்று டொக்டர் கேட்டார். "வருவார்கள். இரண்டு நாள் நிற்பார்கள். பிறகு சன்டோரினிக்குப் போய்விடுவார்கள்."

பின்னேரம் திரும்பி வந்தால், வல்வையான் படகு முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவி, கயிறுகளை எல்லாம் வட்டமாகச் சுருட்டி வைத்து, டொக்டரின் மிளகாய்த்தூளில் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து வைத்திருந்தான். பக்கத்துக் கடையில் பாண் வாங்கியிருந்தான்.

"என்ன மாதிரி ஊர்?"

"உங்கடை ஊர் மாதிரித்தான்" என்றார் அண்ணை. "வீடு இருக்கு. ஆக்கள் வெளியிலை."

அவன் குழம்பை அகப்பையால் கலக்கினான். டொக்டர் ருசி பார்த்துவிட்டு, புளி காணாது என்றார். எலுமிச்சம்பழத்தில் இதற்குமேல் என்ன புளி வரும் என்று அவன் சண்டைக்குப் போனான். அந்தச் சண்டை நல்லபடியாக நடந்தது.

காஷிலிருந்து கிழக்கே போகும்போது உலுபுருன் முனையைக் கடந்தோம். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, பாறையும் தண்ணீரும்தான். 1982 இல் மெஹ்மெத் சாக்கிர் என்ற கடற்பஞ்சு குளியாளர், அடியிலே காது வைத்த உலோக பிஸ்கட்டுகளைக் கண்டதாகத் தன் தலைவரிடம் சொன்னார். அவை செப்புப் பாளங்கள். மூவாயிரத்து முந்நூறு வருடமளவுக்கு முன் மூழ்கிய சரக்குக் கப்பல். பத்துத் தொன் செம்பு, ஒரு தொன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல். நாற்பத்து நான்கு மீற்றருக்குக் கீழே, ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய ஆழத்தில், 1984 தொடங்கி 1994 வரைக்கும் இருபத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முறை இறங்கி ஏறி எல்லாவற்றையும் எடுத்துப் போட்ருமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கண்டுபிடித்துக் கொடுத்த பஞ்சுத் தொழிலுக்கு 1986 இல் நோய் வந்து, கிழக்கு மத்தியதரைக் கடலின் பஞ்சுகள் அழுகிச் செத்தன. காஷ் கடைகளில் விற்ற பஞ்சில் எது உள்ளூர், எது எங்கேயோ இருந்து வந்தது என்று கடைக்காரர் சொல்லமாட்டார்.

வல்வையான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்துக் கப்பல்காரன் இந்த முனையிலை காத்துக்கு எதிராப் போயிருப்பான். அதுதான் போயிட்டுது" என்றான். மூழ்கிய காரணத்தைப் பற்றி நிபுணர்கள் எழுதியதையெல்லாம் பிறகு வாசித்தபோது அவன் சொன்னதற்கு அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை.

கெக்கோவாதான் எங்கள் தொலைவிடம். நீண்ட ஒரு தீவு, அதற்குள் பக்கமாக ஏரி என்று எண்ணக்கூடிய தண்ணீர். நிலநடுக்கத்தில் இறங்கிப்போன பழைய ஊரின் படிக்கட்டுகள் தீவின் ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்குகின்றன. 1990 இலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதி, அந்த ஓரத்தில் நீந்தவோ நங்கூரமிடவோ கூடாது. எதிரே காலேக்கோய், வீதி போடாத ஊர், தண்ணீருக்குள் தனியாக நிற்கிற ஒரு லிசியக் கற்சவப்பெட்டி. பின்னால் குன்றின் மேல் கோட்டை, கோட்டைக்குள்ளே பாறையில் குடைந்த ஒரு சின்ன அரங்கு. ஐந்து பேரும் ஏழு வரிசைப் படிகளில் தனித்தனியே இருந்து பார்த்தோம். டொக்டர் எழும்பி நின்று ஒரு பழைய சினிமாப் பாட்டுப் பாடினார். அவருக்குச் சுருதி நிற்காது. லிசியர்கள் அதைவிட மோசமானதையும் கேட்டிருப்பார்கள் என்றார் ஸ்கொட்லாந்துக்காரர்.

அன்றிரவு ஊச்சாஸ் கரையில் ஒரு குடும்பம் நடத்திய சாப்பாட்டுக் கடையின் மரத்துறையில் கட்டினோம். கட்டுவதற்குக் காசில்லை, அங்கே சாப்பிட்டால் போதும். இதுதான் அந்தக் கரையின் எழுதாத சட்டம். மீன், ராக்கி, நெருப்பில் சுட்டுத் தயிரோடு பிசைந்த கத்தரிக்காய். பில் வந்தபோது இலட்சங்களைத் தாண்டி மில்லியன்களில் இருந்தது. அப்போது ஒரு பவுணுக்கு இலட்சத்துக்கு மேல் லிரா. கணக்காளரான அண்ணை பூச்சியங்களை எண்ணி எண்ணி மறந்து, கடைசியில் கடைக்கார அம்மாவிடமே பணப்பையைத் திறந்து காட்டினார். அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு இரண்டு தாளைத் திருப்பி வைத்தார். 2005 இல் ஆறு பூச்சியங்களை ஒரேயடியாக வெட்டினார்கள் என்று செய்தி பார்த்தபோது எனக்கு அந்த அம்மாவின் விரல்தான் ஞாபகம் வந்தது.

திரும்புவது அண்ணை சொன்னபடியே கரைச்சல். காற்று எழும்புவதற்கு முன் எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவும் போகவேண்டும். விடிய நாலு மணிக்கு எழும்பி, பாயைச் சுருட்டிக் கட்டியபடியே விட்டு, டீசல் இயந்திரத்தில் ஓடினோம். அந்த நேரத்தில் எவரும் அதிகம் பேசவில்லை. பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான் என்பதை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதற்குள் அண்ணை சுக்கானை வல்வையானிடம் கொடுத்துவிட்டுக் கீழே போய் நித்திரை கொள்ளத் தொடங்கியிருந்தார். முதல் நாள் அவனைச் சுக்கானுக்குக் கிட்டவும் விடாதவர். ஏழு முனைகளுக்குக் கிட்ட வந்தபோது எழுப்பவா என்று கேட்டேன். "படுக்கட்டும். கடல் எழும்பினா தானா எழும்புவார்" என்றான். கடல் எழும்பவில்லை. அண்ணை வெளியே வந்தபோது ஏழும் பின்னால் கிடந்தன. அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கோப்பி போடப் போனார்.

மறுபடி போவோம் என்றுதான் எல்லாரும் சொன்னோம். போகவில்லை. அண்ணையின் தமக்கை திரும்பிப் போயிருந்தார், வீட்டுக் கதவும் நிலையும் மட்டும் இல்லையாம். அவரை லண்டனுக்கு எடுக்கிற வேலையில் சில வருடம் போயிற்று. பிறகு அண்ணைக்கு வருத்தம் வந்தது. சவுதாம்டனில் ஒரு தை மாதம் அவரை எரித்தோம். ஸ்கொட்லாந்துக்காரர் பழைய கடற்படத்தைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார், பென்சில் கோடுகளோடு. வல்வையானும் டொக்டரும் 2009 க்குப் பிறகு கதைப்பதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரே படகின் இரண்டு முனையில் நின்றவர்கள், ஒருவர் இருக்கிற செத்த வீட்டுக்கு மற்றவர் பின்வாசலால் வருகிறார்.

கரையும் மாறிவிட்டது. கோஜெக் குடாக்களில் மரத்தில் கயிறு கட்ட விடுவதில்லை. மாப்பா என்று சொல்கிற கட்டுத்தறிகளை அடித்து வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது. வருடம் முழுக்க ஆயிரம் படகுகளின் கயிறு அறுத்தால் பைன் பட்டை வளையமாக உரிந்து மரம் செத்துப்போகும், நாங்கள் கட்டிய மரங்களிலேயே அந்த வளையத்தைப் பார்த்திருக்கிறோம். நங்கூரம் இழுத்தால் அடியிலிருக்கிற கடற்புல் வேரோடு வரும், அது வளர நூற்றாண்டு எடுக்கும். 2021 இல் மர்மாரிஸ் பக்கத்துப் பைன் காடுகள் தண்ணீர் விளிம்புவரை எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த எவரும் ஒரு மரத்துக்காகக்கூட வாதாடுவார். மரத்துறைச் சாப்பாட்டுக் கடைகள் இப்போது விலைக்குப் பேர்போனவை. கோடையில் ஒரு பல்பொருள் அங்காடியே படகேறிக் குடாக் குடாவாக வருகிறது, பாணும் ஐஸ்கிரீமும் கொண்டு. எல்லாம் வசதிதான்.

போன மாதம் வல்வையான் ரொறன்ரோவிலிருந்து எடுத்தான். லண்டனை விட்டு அங்கே போய், கனடாப் பாஸ்போட் எடுத்துப் பல வருடம்.

"மச்சான், மோன் துருக்கியிலை ஒரு வள்ளம் பிடிக்கிறானாம். எங்களையும் வரட்டாம். கோஜெக்கிலை இருந்துதான்."

"நல்லது. ஆர் ஓட்டுறது?"

"அவன்தான். முன்னுக்கு ஒரு மோட்டர் இருக்காம், பட்டனை அமத்தினா அணியம் தானாத் திரும்புமாம்."

"பாய்?"

"அதுக்கும் பட்டன்."

"கயிறு?"

"றப்பர் வள்ளத்திலை போய்க் கொழுவிப்போட்டு வாறதாம். ஒருத்தரும் தண்ணியிலை இறங்கத் தேவையில்லையாம்."

"அப்ப நீ என்ன செய்யப்போறாய்?"

"அதைத்தான் நானும் கேட்டனான். 'நீங்கள் சும்மா இருங்கோப்பா' எண்டான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "மெயிசுக்கு ஒருநாள் ஒதுக்கச் சொல்லியிருக்கிறன். மற்றதெல்லாம் அவன் பாக்கட்டும். டொக்டரிட்டைக் கேட்டுப் பார், வருவாரோ எண்டு. நான் கேக்கச் சொன்னதெண்டு சொல்லாதை."